கடிகாரம் எங்களுடையது அல்ல

தம்பி,

நீ காரைக்கால் பஸ் ஏறி இன்றோடு நாலு நாளாகிறது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு முட்டி வலி. எனக்கு உலையில் அரிசி போடும்போது கை அளவு மாறவில்லை, மூன்று பேருக்குப் போட்டுவிட்டு மறுநாள் பழையதாக நானே தின்கிறேன். அப்பா சாப்பிட்டுப் படுத்திருக்கிறார். மத்தியானம் முழுக்க எனக்கு வேலையில்லை. கன்னியர் பள்ளியில் எட்டாவது வரை படித்ததை இன்றைக்குத்தான் ஒழுங்காகப் பயன்படுத்தப் போகிறேன். கடிதம் நீளம் என்று முகம் சுளிக்காதே. உன் அறையில் உன்னைப் போலவே புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று கார்டில் எழுதியிருந்தாயே, படித்து முடித்தபின் உனக்கு வெட்கமாக இல்லையென்றால் அவர்களுக்கும் படித்துக் காட்டு. எனக்கு ஆட்சேபணை இல்லை.

பஸ் ஸ்டாண்டில் நடந்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுக் கமலக்கா உனக்கென்று பொரி உருண்டை செய்து கொண்டுவந்தாள். நீ வாங்காமல், "வேணாம் பெரியம்மா, வெல்லம் தின்னு ரெண்டு பல்லு போனது போதும். மிச்சத்த வெச்சிதான் காரைக்கால்ல பொண்ணு பாக்கணும்" என்றாய். வழியனுப்ப வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், வழக்கம்போலக் கையால் வாயை மூடிக்கொண்டு. உன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. பஸ்ஸின் சக்கரத்தில் ஏதோ கோளாறு கண்டுபிடித்தவர் போலக் குனிந்துகொண்டார். கமலக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. உன் பல் ஏன் போயிற்று என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும், கம்பளிக்கடை சுபான் பாய்க்கும் தெரியும். தெரியாதவன் நீ ஒருவன்தான். அரசாங்க உதவி கேட்டு மனுப் போட்டவர்களின் வீட்டுக்குப் போய்ப் பார்த்து எழுதும் வேலைக்கு உன்னை அனுப்பிவிட்டு, இதை உனக்குச் சொல்லாமல் இருந்தால் நான் பெற்ற தாயாக இருந்து என்ன பயன்.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போன அடுத்த வருஷம் அது. உனக்குப் பதினொரு வயது. அப்பா அதுவரை துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தார் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். தினமும் கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, மடிப்புக் கலையாத வேட்டி, சட்டைப்பையில் பேனா என்று அவர் உப்பளம் தெருவில் நடந்து போனால் எனக்கே கொஞ்சம் திமிராக இருக்கும். கப்பல் வருவது குறைந்து கிட்டங்கியை மூடியபின் அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து வந்த பென்ஷன்காரர்களுக்குப் பிரெஞ்சில் மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு வேளை அடுப்பு எரிந்தால் நல்ல நாள். ஆனால் கோட்டுக்குக் கஞ்சி போடுவதை மட்டும் நாங்கள் நிறுத்தவில்லை. சோற்றுக் கஞ்சியில் பாதி உனக்கு, பாதி கோட்டுக்கு என்று கமலக்கா கேலி செய்வாள். அவளுக்கு என்ன, அவள் வீட்டுக்காரர் சைகோனில் சொல்தாவாக இருந்து செத்தவர், மாதம் பிறந்தால் பிரெஞ்சுப் பென்ஷன் வந்துவிடும்.

உன் பள்ளிக்கூடத்துக்குப் பல் டாக்டர் ஒருவர் வந்து எல்லாப் பிள்ளைகளின் வாயையும் பார்த்தார். உன் கையில் ஒரு சீட்டுக் கொடுத்தனுப்பினார். மேல்வரிசை முன்பல் இரண்டிலும் சொத்தை, இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தால் அடைத்துவிடலாம், வேருக்குப் போய்விட்டால் பிடுங்க வேண்டியிருக்கும், இவை விழுந்து முளைக்கிற பல் அல்ல என்று எழுதியிருந்தது. கூடவே, வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பல் வைத்தியம் முழுவதையும் அரசாங்கமே ஏற்கும், உதவி ஆபீசுக்கு மனுப் போட்டால் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்துச் சிபாரிசு செய்வார் என்றும் இருந்தது. அப்பா அதை இரண்டு தடவை படித்தார். "ஊருக்கெல்லாம் மனு எழுதறவன் தனக்கே ஏழைன்னு எழுதிக்கணுமா?" என்றார். அன்றைக்கு ராத்திரிச் சோற்றை நீ ஒரு பக்கமாகவே மென்று தின்றாய். அதைப் பார்த்தவர் மறுநாள் காலையில் உட்கார்ந்து எழுதினார். அச்சடித்தது போல எழுத்து. அந்த மனுவைப் பார்த்து யாரும் அந்த வீட்டில் அரிசி இல்லை என்று நம்பமாட்டார்கள், அது வேறு விஷயம்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணைக்கு ஆள் வருவதாகத் தகவல் வந்தது. இனிமேல் நான் எழுதப் போவதைப் பொறுமையாகப் படி. அரசாங்கத்து மனிதர் ஒருவர் முதல்முறையாக நம் வீட்டு வாசற்படி ஏறப்போகிறார் என்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவர் எதற்கு வருகிறார் என்பதே மறந்துபோயிற்று என்றால் நம்புவாயா? பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டை எப்படி ஒழுங்கு செய்வோமோ அப்படிச் செய்தேன். சுபான் பாய் கடையிலிருந்து பிரம்பு நாற்காலி இரண்டு வந்தது. கமலக்கா வீட்டிலிருந்து வெள்ளி டம்ளரும், அவள் வீட்டுக்காரர் கொண்டுவந்த சுவர்க் கடிகாரமும் வந்தன. கடிகாரத்தை மாட்டப் புதிதாக ஒரு ஆணி அடித்தார் அப்பா. கமலக்காவின் சைகோன் பட்டுப் புடவையையும் நான்தான் கேட்டு வாங்கி உடுத்திக்கொண்டேன். "இன்னாடி, உனக்கா கல்யாணம்?" என்றாள். அவளுக்கும் அந்த நேரத்தில் புத்தியில் உறைக்கவில்லை. தெருவே எங்களுக்கு ஜோடனை செய்து அனுப்பியது.

எல்லாம் ஆனபின் நீ குறுக்கே வந்தாய். மேலுதடு தடித்து, ஒரு கன்னம் உப்பி, பின்பக்கம் தைத்த டிராயரோடு. என் ஜோடனைக்கு நடுவில் உன்னைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. ஆமாம் தம்பி, எரிச்சல்தான், வேறு நல்ல வார்த்தை தேடமாட்டேன். இவன் இப்படி வந்து நின்றால் வீட்டு லட்சணமே கெட்டுவிடுமே என்று உன்னைக் கையைப் பிடித்துப் பின்வாசல் வழியாகச் சுபான் பாய் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். பாயின் சம்சாரம் உன் முகத்தைப் பார்த்து மனசு கேட்காமல் தேங்காயும் வெல்லமும் கொடுத்து உட்கார வைத்தாள். அந்த வெல்லம்தான் நீ ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற வெல்லம்.

வந்தவர் நல்ல மனிதர், அவர்மேல் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கத்தில், ஐயா என்பதற்கு முசியே என்றுதான் அப்பா அவரைக் கூப்பிட்டார். நாற்காலியில் உட்கார்ந்தார், வெள்ளி டம்ளரில் காப்பி குடித்தார், இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தார். அந்தக் காப்பித்தூளும் இரவல்தான். கடிகாரத்தை அண்ணாந்து பார்த்து, "பழைய பிரெஞ்சுக் கடியாரம் போலிருக்கே" என்றார். அப்பா கோட்டுக் காலரைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "ஆமாங்க முசியே, எங்கப்பா காலத்துது" என்றார். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பொய்யைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது. "பையன் எங்க?" என்று அவர் கேட்டதற்கு நான் முந்திக்கொண்டு, "பள்ளிக்கூடம் போயிருக்கான்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு ஏதோ எழுதிக்கொண்டு, வணக்கம் சொல்லிப் போனார். எல்லாம் சிறப்பாக நடந்துவிட்டது என்று அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். உன்னைக் கூட்டிவர நான் உடனே போகவில்லை, முதலில் பட்டுப் புடவையைக் கசங்காமல் மடித்து வைத்தேன்.

அன்று சாயங்காலமே உன் முகம் இன்னும் வீங்கியது. பத்து நாள் கழித்து ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. அப்பா பிரித்து வாசித்து, "வசதியான, கௌரவமான குடும்பம்னு எழுதியிருக்காங்கடி" என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் முதலில் வந்தது சந்தோஷம். இதை எழுத என் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். கிட்டங்கி மூடியபின் எங்களை யாரும் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அடுத்த வரியில், ஆகையால் உதவி தேவைப்படவில்லை என்று இருந்தது. உள்ளே பாயில் படுத்திருந்த நீ தண்ணீர் கேட்டாய். அப்பா அந்தக் காகிதத்தைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அப்போதே ஆபீசுக்குப் போய், நாங்கள் காட்டியது எதுவும் எங்களுடையது அல்ல என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். எத்தனையோ தடவை கிளம்பினோம். "எந்த மூஞ்சிய வெச்சிகினு போறது?" என்பார் அவர். நாளைக்குப் போகலாம் என்பேன் நான். கிராம்பு எண்ணெய் வைத்தேன், உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைத்தேன், கன்னத்தில் துணியைச் சூடு பண்ணி ஒத்தினேன். நல்ல அம்மா என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். இப்படியே மூன்று வாரம் ஓடிற்று. ஒரு நாள் காலையில் உன்னால் வாயைத் திறக்க முடியவில்லை. உடம்பு அடுப்பாகக் கொதித்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து யாரையோ கூப்பிடுவது போல "அம்மா, அம்மா" என்றாய். நான் பக்கத்தில் இருப்பதே உனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு கமலக்கா வீட்டுக்கு ஓடி நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள், "எங்க ஊட்டுக்காரரு கடியாரத்த ஒன் மாமனாருதுன்னா சொன்னாரு?" என்று ஒரு சத்தம் போட்டாள். உடனே செருப்பை மாட்டிக்கொண்டாள். தெருமுனையில் சுபான் பாய் விவரம் கேட்டுக் கடையை அப்படியே போட்டுவிட்டு ரிக்‌ஷா பிடித்தார். உனக்கு ரிக்‌ஷாவில் போனது மட்டும் ஞாபகம் இருக்கிறது என்று ஒரு தடவை சொன்னாய். ஜுரத்தில் அது தங்கியதே பெரிது. அப்பா வீட்டில் இல்லை. இருந்திருந்தாலும் வந்திருப்பாரா என்று அப்போது எனக்குச் சந்தேகம்தான்.

சிபாரிசு இல்லாமல் ஆஸ்பத்திரியில் சும்மா பார்க்கமாட்டார்கள் என்று நேரே உதவி ஆபீசுக்குப் போனோம், அங்கே அதே மனிதர் உட்கார்ந்திருந்தார். நான் உன்னைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டேன். கமலக்காதான் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். "முசியே, நீங்க பாத்த கடியாரம் என்னுது. டம்ளரு என்னுது. இவ கட்டியிருந்த பொடவயும் என்னுது. நீங்க ஒக்காந்த நாக்காலி இந்த பாயுது. அந்த ஊட்ல இவங்களுதுன்னு இருந்தது இந்தப் புள்ள ஒண்ணுதான், அத ஒங்களுக்குக் காட்டல" என்றாள். ஆபீசில் எல்லோரும் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். சுபான் பாய் மெதுவாக, "ஆமாங்க, நாக்காலி நம்மளதுதான். கௌரவத்துக்காகக் கேட்டாங்க, நானுந்தான் குடுத்தேன்" என்றார். அந்த மனிதர் எழுந்து வந்து உன் தலையைத் தூக்கி உதட்டை விலக்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "அன்னைக்கே இந்தப் பையனக் காட்டியிருக்கலாமேம்மா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

அந்த நேரத்தில் வாசலில் உன் அப்பா வந்து நின்றார். வீடு திரும்பிக் கோட்டும் சட்டையும் கழற்றியபின் யாரோ தெருவில் சொல்லியிருக்கிறார்கள், இருந்த கோலத்தில் ஓடிவந்திருக்கிறார். கோட்டு இல்லை, சட்டை இல்லை, வெறும் பனியன். கல்யாணமான நாளிலிருந்து அவர் பனியனோடு தெரு தாண்டி நான் பார்த்ததில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே, "முசியே, கடியாரம் எங்களுது இல்ல. பொய் சொன்னது நான். எம் பையனுக்கு வைத்தியம் பாருங்க" என்றார். பிரெஞ்சில் அவ்வளவு அழகாக மனு எழுதுகிற மனிதர், தமிழில் மூன்று வாக்கியம் சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்த நாளில் எனக்கு அவர்மேல் வந்த அன்பு கல்யாணத்தின்போது கூட வந்ததில்லை. நீ பெண் பார்த்துக் கல்யாணம் செய்துகொள்ளும்போது, உன் மனைவி முன்னால் ஒரு தடவையாவது பனியனோடு நிற்கத் தைரியம் வரட்டும் உனக்கு.

அங்கேயே கையெழுத்துப் போட்டு, ஆஸ்பத்திரிக்குத் தானே கூட வந்தார் அந்த மனிதர். அரசாங்கச் செலவில் எல்லாம் நடந்தது. சீழ் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள், ஒன்பது நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். பிற்பாடு நீ வளர்ந்தபின் கட்டுப்பல் வைத்ததும் அந்த உதவியில்தான். ஆனால் பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. "ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா ரெண்டையும் அடைச்சி அனுப்பியிருப்பேன்" என்றார் டாக்டர். கணக்குப் போட்டுப் பார்த்தேன் தம்பி, வேறு வேலை என்ன எனக்கு அந்த வார்டில். ஒரு மாதம் முன்னால் அந்த வியாழக்கிழமைதான் வந்தது.

ஜுரம் விட்ட அன்று நீ கண்ணாடி கேட்டாய். பார்த்துவிட்டு, "ஏம்ப்பா பல்லு போச்சு?" என்றாய். அப்பா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். "பாய் ஊட்ல வெல்லம் தின்ன இல்ல, அதான்" என்றார் அவர். ஒரு குழந்தையைச் சமாதானப்படுத்தச் சொன்னது, இரண்டு நாளில் மறந்துவிடுவாய் என்று நினைத்தோம். நீ மறக்கவில்லை. அந்த வருஷத் தீபாவளிக்கு அதிரசத்தைத் தள்ளிவைத்தாய், ஏன் என்று கேட்டால் சிரித்தாய். அதற்கப்புறம் ஏழு தீபாவளி போய்விட்டது. பொங்கலில் உனக்கு மட்டும் வெண்பொங்கல். கட்டுப்பாடான பிள்ளை என்று ஊரில் பெயர். அந்தப் பெயரை நாங்களும் வாங்கி வைத்துக்கொண்டோம். நீ செய்யாத தப்புக்கு நீயே தண்டனை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததை, எதிரில் உட்கார்ந்து பரிமாறிக்கொண்டு பார்த்திருந்தேன். என்னை மன்னித்துவிடு கண்ணு. அப்பாவையும். இதை எழுதப் போகிறேன் என்று காலையில் அவரிடம் சொன்னபோது முட்டியைத் தடவிக்கொண்டே, "எழுது. வெல்லம்னு சொன்னது நான்தான்னும் சேத்து எழுது" என்றார். சேர்த்து எழுதிவிட்டேன்.

இனி உன் வேலைக்கு வருகிறேன். காரைக்காலில் நீ ஏறுகிற படிகளில் பாதி வீடுகளில் என்னைப் போல ஒருத்தி பட்டுடுத்திக் கதவோரம் நிற்பாள். காப்பி கொடுத்தால் குடி, வேண்டாம் என்று சொல்லி அவளை அவமானப்படுத்தாதே. கடிகாரம் மாட்டியிருந்தால் அதற்குக் கீழே தரையைப் பார், புது ஆணி அடித்த சுண்ணாம்புத் தூள் பெருக்கியும் மூலையில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். பட்டுப் புடவைக்குள் ரவிக்கை எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொன்னால் உனக்கு வெட்கமாக இருக்கும், அதை விட்டுவிடு. தெரிந்துகொண்டாய் என்று மட்டும் காட்டிக்கொள்ளாதே. வறுமையை மறைப்பவர்களை எல்லாம் பொய்யர்கள் என்று எழுதிவிடாதே, மறைக்கிற அளவுக்கு இன்னும் மானம் மிச்சம் இருக்கிறது என்று எடுத்துக்கொள். வேஷம் போட்டு ஏழையாக நடிக்கிறவன் எங்கேயாவது ஒருவன் இருப்பான், ஆபீசில் அவனைப் பற்றித்தான் உனக்கு அதிகம் எச்சரிக்கை செய்வார்கள். நீ நம் வீட்டைப் போன்ற வீட்டுக்கும் கொஞ்சம் எச்சரிக்கையாக இரு.

எந்த வீட்டிலும் பிள்ளை எங்கே என்று கேள். பள்ளிக்கூடம் என்பார்கள், மாமன் வீடு என்பார்கள். பரவாயில்லை, இருந்து பார்த்துவிட்டே போகிறேன் என்று சொல்லி உட்கார்ந்துகொள். பேனாவை மூடி வை. வெயில் ஏறினாலும் அடுத்த வீட்டுக்கு நேரமானாலும் உட்கார். அந்த முசியே அன்றைக்கு இன்னும் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தால் நானே போய் உன்னைக் கூட்டி வந்திருப்பேன் என்று ஏழு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கூட்டி வந்திருப்பேனா என்று எனக்குத் தெரியாது தம்பி. அதனால் கால் மணி போதாது. அவள் எழுந்து போய்த் தன் பிள்ளையைக் கூட்டி வரும்வரை உட்கார்.

உன் அம்மா